கல்லுக்குள் அடங்கிய வாயு: தொழிற்சாலைகளில் சுட்ட சுண்ணாம்பு

சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேகவைக்கும்போது அதனுள் அடங்கியிருக்கும் கரியமில வாயு பிரிந்து வெளியேறிவிட, எஞ்சி நிற்கும் வெண்ணிறக் கட்டியே சுட்ட சுண்ணாம்பு ஆகும். வேதியியலார் இதனைக் கால்சியம் ஆக்சைடு என்பர். கல்லைச் சுட்டால் கற்சுண்ணாம்பு, கடலோரத்துக் கிளிஞ்சலைச் சுட்டால் கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று வழக்கில் பிரித்துச் சொன்னாலும், இரண்டும் பொருளளவில் ஒன்றே. வெற்றிலைக்கும் வெள்ளையடிப்பதற்கும் உரிய பொருளாகவே பொதுமக்கள் இதனை அறிவர். ஆயினும் உலகில் ஆண்டுதோறும் சுடப்படும் 40 கோடி டன்னுக்கும் மேற்பட்ட சுண்ணாம்பில் மிகப் பெரும் பகுதி எஃகு ஆலை, காகித ஆலை, சர்க்கரை ஆலை, நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் முதலிய இடங்களுக்கே செல்கிறது. அவ்விடங்களில் உருவாகும் இறுதிப் பொருளில் சுண்ணாம்பு பெரும்பாலும் தங்குவதில்லை என்பதால், அது அங்கே பணியாற்றியது என்பதே வாங்குவோருக்குத் தெரியாமல் போகிறது.

தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சூளைக்குள் சென்றால் 56 கிலோ சுண்ணாம்புதான் கிடைக்கும். மீதி 44 கிலோவும் வாயுவாகப் போய்விடும். சாதுவான கல், நெருப்பில் வெந்தபின் தோலைப் பொத்துவிடும் கடுமையைப் பெறுவதைக் கண்ட பழைய வேதியியலார், தீயின் நுண்பொருள் ஏதோ ஒன்று கல்லுக்குள் புகுந்துகொள்வதாலேயே அக்கடுமை உண்டாகிறது என்று கருதிவந்தனர். எடின்பரோவில் மருத்துவம் பயின்ற ஜோசப் பிளாக், சிறுநீர்ப்பைக் கற்களைக் கரைக்கும் மருந்தொன்றைத் தேடும் முயற்சியில் 1750களில் இக்கேள்விக்குள் நுழைந்தார். சுடுவதற்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பார்த்த அவர், கல் எதனையும் பெறவில்லை, ஒன்றை இழந்திருக்கிறது என்று காட்டினார். இழந்ததை ‘நிலைப்பட்ட காற்று’ என்று பெயரிட்டு 1756இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கரியமில வாயுவைத் தனியொரு வாயுவாக உலகுக்கு அறிமுகப்படுத்தியது. சுண்ணாம்பின் தொழில்முறைப் பயன்கள் பலவற்றுக்கும் வேர் இவ்விழப்பில்தான் இருக்கிறது. வாயுவை இழந்த கால்சியம் ஆக்சைடு, நீரையோ அமிலத்தையோ அமிலத்தன்மையுள்ள ஆக்சைடையோ கண்ட இடத்தில் பற்றிக்கொள்ள முனைகிறது. தொழிற்சாலைகள் விலை கொடுத்து வாங்குவது இந்த நாட்டத்தையே.

இந்நாட்டத்தின் அளவு சூளையைப் பொறுத்தது. அளவான வெப்பத்தில், அளவான நேரம் வெந்த சுண்ணாம்பு, வாயு வெளியேறிய வழிகளெல்லாம் நுண்துளைகளாக நிற்க, எடை குறைந்தும் பருமன் அதிகம் குறையாமலும் இருக்கும். இதனை மென்சுடு சுண்ணாம்பு எனலாம். வெப்பம் மிஞ்சினால் துளைகள் இறுகி அடைபட்டு, நீரில் இட்டாலும் எளிதில் வினைபுரியாத கட்டியாகிவிடும். வெப்பம் போதாவிட்டால் கட்டியின் நடுவே வேகாத கல் தங்கிவிடும். கல்லையும் கரியையும் அடுக்கடுக்காக இட்டு எரித்த பழைய காளவாசல்களில் இம்மூன்று வகையும் ஒரே வேக்காட்டில் கலந்து வந்ததில் வியப்பில்லை. ஒரு டன் சுண்ணாம்பைப் பெறக் கொள்கையளவிலேயே ஏறத்தாழ 3.2 கிகா ஜூல் வெப்பம் தேவை என்பதால், எரிபொருளை வீணாக்காமல் சுடுவது இத்தொழிலின் தலையாய கவலையாக இருந்துவருகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய இரட்டைக் குழாய்ச் சூளைகள் இதற்கு நல்லதொரு விடை கண்டன. அருகருகே நிற்கும் இரு செங்குத்துச் சூளைகளில் ஒன்றில் தீ எரியும்போது, அதன் புகை மற்றொன்றின் வழியே மேலேறி அங்குள்ள கல்லைச் சூடாக்குகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தீயின் இடம் மாற்றப்படுகிறது. வீணாகப் போகவேண்டிய வெப்பம் அடுத்த முறைக்குரிய கல்லில் சேமிக்கப்பட்டுவிடுவதால், இவை கொள்கையளவுத் தேவையை ஓரளவு நெருங்கிய எரிபொருளிலேயே இயங்குகின்றன.

சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் நிகழ்வதை நீற்றுதல் என்பர். 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ நீரைத் தன்னுள் ஏற்று 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகையில், எஞ்சிய நீரைக் கொதிக்கவைக்கும் அளவுக்கு வெப்பம் வெளிப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ராக்லண்ட் துறைமுகத்திலிருந்து சுண்ணாம்பு ஏற்றிச் சென்ற மரக்கப்பல்களில், கசிந்து புகுந்த கடல்நீரே தீயை மூட்டியது உண்டு. நீர் ஊற்றினால் தீ வளருமென்பதால், காற்றுப் புகும் இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர மாலுமிகளுக்கு வேறு வழி இருந்ததில்லை. இன்றும் சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், ஆலைகளில் அதைக் கையாள்வோர் கண்காப்புக் கவசமின்றி நெருங்கக்கூடாது என்பது விதி.

எஃகுத் தொழிலே சுட்ட சுண்ணாம்பின் முதன்மையான வாடிக்கையாளர். அவ்வுறவு தொடங்கிய கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. உருகிய வார்ப்பிரும்பின் வழியே காற்றைச் செலுத்தி, அதிலுள்ள கரியையும் சிலிக்கனையும் எரித்து எஃகாக்கும் முறையை ஹென்றி பெசமர் 1856இல் அறிவித்தார். ஆனால் அம்முறையால் இரும்பிலிருந்த பாஸ்பரஸை நீக்க முடியவில்லை. பாஸ்பரஸ் தங்கிய எஃகு குளிரில் உடையக்கூடியது; தண்டவாளத்துக்கோ பாலத்துக்கோ உதவாது. ஐரோப்பாவின் இரும்புத்தாதுக்களில் பெரும்பகுதி பாஸ்பரஸ் மிகுந்தவை என்பதால், பாஸ்பரஸ் குறைந்த தாதுவைத் தேடி ஆலைகள் அலைய வேண்டியிருந்தது. எரியும் பாஸ்பரஸ் அமிலத்தன்மையுள்ள ஆக்சைடாக மாறத்தான் செய்தது. ஆனால் அக்காலத்துக் கலன்களின் உட்பூச்சு சிலிக்காவாலான செங்கல். சிலிக்காவும் அமிலத்தன்மை உடையதே. எனவே பாஸ்பரஸ் ஆக்சைடைப் பற்றிக்கொள்ளக் கலனுக்குள் எதுவுமின்றி, அது மீண்டும் இரும்புக்குள்ளேயே திரும்பிச் சென்றது.

இதற்கு விடை கண்டவர், லண்டன் காவல் நீதிமன்றமொன்றில் எழுத்தராகப் பணியாற்றியபடி மாலை வேளைகளில் வேதியியல் வகுப்புக்குச் சென்றுவந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். காரத்தன்மையுள்ள சுண்ணாம்பைக் கலனுக்குள் இட்டால் அது பாஸ்பரஸ் ஆக்சைடைக் கால்சியம் பாஸ்பேட்டாகப் பிணைத்துக் கசடாக மிதக்கவிடும் என்பதையும், அச்சுண்ணாம்பு கலனின் உட்பூச்சையே அரித்துவிடாதிருக்கப் பூச்சும் காரத்தன்மையுள்ள சுட்ட டோலமைட்டால் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்தார். வேல்ஸில் இரும்பாலை வேதியியலாளராக இருந்த அவருடைய உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட், பிளைனாவன் ஆலையில் சோதனைகளை நடத்தினார். 1879இல் மிடில்ஸ்பரோவில் நடந்த பெரிய அளவிலான செயல்விளக்கம் வெற்றி பெற்றது. அதுவரை மதிப்பற்றுக் கிடந்த லொரேன் பகுதித் தாதுக்கள் ஜெர்மானிய எஃகுத் தொழிலின் அடித்தளமாயின. வல்லரசுகளின் ஆற்றல் நிலையை மாற்றிய காரணங்களில் இதையும் ஒன்றாகக் கொள்வது மிகையாகாது. கசடும் வீணாகவில்லை, பாஸ்பேட் நிறைந்த அதனைப் பொடித்து வயலுக்கு உரமாக இட்டனர். தாமஸ் 1885இல் தம் 34ஆம் வயதில் காலமானார்.

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952இல் காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்சிஜனைச் செலுத்தும் முறை ஆலையளவில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் ரூர்கேலா ஆலை அம்முறையை முதன்முதலில் மேற்கொண்டது. இன்றைய கலன்களிலும் சுண்ணாம்பின் பணி தாமஸ் வகுத்ததே. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 50 கிலோ சுண்ணாம்பு செலவாகிறது. ஆக்சிஜன் பாயும் நேரம் இருபது நிமிடத்துக்கும் குறைவு என்பதால், அதற்குள் கசடில் கரைந்து முடிக்கத்தக்க மென்சுடு சுண்ணாம்பையே எஃகாலைகள் கேட்கின்றன. கல்லில் சிலிக்கா குறைவாக இருப்பதும் இன்றியமையாதது. சுண்ணாம்போடு உட்புகும் ஒவ்வொரு கிலோ சிலிக்காவும் மூன்று கிலோ அளவுக்குச் சுண்ணாம்பைத் தன்பால் இழுத்துக்கொண்டுவிடுவதால், கலப்புள்ள கல் தன் பயனைத் தானே தின்றுவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லாத இந்தியா, ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்தும் ஓமானிலிருந்தும் சிலிக்கா குறைந்த கல்லைக் கப்பலில் வரவழைப்பது இதனாலேயே; உள்நாட்டில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர்ப் பகுதிக் கல் இத்தகுதியால் பெயர் பெற்றது. அரியலூர் வட்டாரத்துக் கல் பெரும்பாலும் சிமெண்டுக்குப் போகிறது. சிமெண்டுக்குச் சிலிக்காவும் அலுமினாவும் எப்படியும் வேண்டியிருப்பதால், எஃகாலைக்குக் குறையாகத் தெரிவது அங்கே குறையாவதில்லை.

சர்க்கரைத் தொழிலில் சுண்ணாம்பு வேறொரு வகையில் பயன்படுகிறது. பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, சாறு புளித்துக் கள்ளாகாமல் தடுக்கவே. கரும்பாலையில் சாறு புளிப்பதற்கு நேரமில்லை. அங்கே அஞ்சவேண்டியது அமிலத்தை. பிழிந்த கரும்புச்சாறு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. அதனை அப்படியே காய்ச்சினால் சுக்ரோஸ் மூலக்கூறு குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளவுபட்டுவிடும். இவை எளிதில் படிகமாகாதவை என்பதால் சர்க்கரை கழிவுப்பாகோடு போய்விடும். ஆகவே நீற்றிய சுண்ணாம்பை நீரில் கலக்கிய சுண்ணாம்புப்பாலைச் சாற்றில் சேர்க்கின்றனர். அது அமிலத்தை முறிப்பதோடு, சாற்றிலுள்ள பாஸ்பேட்டுடன் கூடிக் கால்சியம் பாஸ்பேட் திரளைகளாகி, மெழுகு, புரதம், மண்துகள் ஆகியவற்றை வாரிக்கொண்டு அடியில் படிகிறது. இந்திய ஆலைகள் பலவற்றில் சுண்ணாம்போடு கந்தக டை ஆக்சைடு வாயுவையும் செலுத்திச் சாற்றின் நிறத்தை வெளுப்பதும் வழக்கம். வடிகட்டியில் தங்கும் கசடு, பிரஸ்மட் என்ற பெயரில் கரும்புத் தோட்டத்துக்கே உரமாகத் திரும்புகிறது.

ஐரோப்பாவின் பீட் சர்க்கரை ஆலைகள் இதில் ஒரு படி மேலே சென்றன. கரும்புச்சாற்றைவிட அழுக்குகளைப் பிரிப்பது கடினமான பீட் சாற்றில், பன்மடங்கு கூடுதலான சுண்ணாம்பை இட்டு, பிறகு கரியமில வாயுவைச் செலுத்தி அச்சுண்ணாம்பை நுண்கல்லாகவே மீண்டும் படியவைக்கின்றனர். படியும் கல் அழுக்குகளையும் சேர்த்து இறக்கிவிடுகிறது. சுண்ணாம்பும் வேண்டும், வாயுவும் வேண்டும் என்பதால் இவ்வாலைகள் தம் வளாகத்திலேயே சூளை வைத்துக்கொண்டு, அதில் பிரியும் இரண்டையும் பயன்படுத்துகின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த எர்னெஸ்ட் சால்வே 1861இல் காப்புரிமை பெற்ற சலவைச் சோடா தயாரிப்பு முறையிலும் இதே அமைப்பைக் காணலாம். உப்புநீரில் அம்மோனியாவைக் கரைத்துச் சூளையின் கரியமில வாயுவைச் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட் படிகிறது; அதே சூளையின் சுண்ணாம்பு, எஞ்சிய கரைசலிலிருந்து விலையுயர்ந்த அம்மோனியாவை விடுவித்து மறுசுற்றுக்கு அனுப்புகிறது. குஜராத்தின் மிட்டாப்பூர் ஆலை இவ்வழியில் சோடா தயாரித்துவருகிறது. குறை என்னவெனில், சுண்ணாம்பு இறுதியில் கால்சியம் குளோரைடாக மாறி நீரோடு வெளியேறுகிறது. இவ்வளவு கால்சியம் குளோரைடை வாங்குவோர் எந்நாட்டிலும் இல்லை.

சுண்ணாம்பின் சுழற்சி முழுமை பெறுவது காகித ஆலையில்தான் எனலாம். மரத்துண்டுகளைக் காரக் கரைசலில் வேகவைத்து நாரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கருஞ்சாற்றை எரித்தால், கரைசலிலிருந்த சோடியம் பெரும்பாலும் கார்பனேட்டாகத் திரும்பக் கிடைக்கிறது. கார்பனேட்டுக்கு நாரைப் பிரிக்கும் வன்மை இல்லை. அதில் சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்தால், சுண்ணாம்பு கார்பனேட்டைத் தான் எடுத்துக்கொண்டு, சோடியத்தை மீண்டும் வன்காரமான சோடியம் ஹைட்ராக்சைடாக்கி விடுகிறது. கார்பனேட்டை ஏற்ற சுண்ணாம்பு சேறு போலப் படிய, அதனைக் கழுவிச் சூளையில் சுட்டால் பழைய சுண்ணாம்பே கிடைத்துவிடும். ஒரே சுண்ணாம்பு மீண்டும் மீண்டும் கல்லாவதும் வெந்து மீள்வதுமாக ஆண்டுக்கணக்கில் ஆலைக்குள்ளேயே சுற்றிவருகிறது. இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டுமே புதிதாக வாங்குகின்றனர். கரும்புச்சக்கை போன்ற மூலப்பொருளில் சிலிக்கா மிகுதி என்பதால், அவற்றைக் கையாளும் ஆலைகளில் சிலிக்கா இச்சேற்றில் சேர்ந்துகொண்டு மறுசூட்டைச் சிக்கலாக்குகிறது. கரும்புச்சக்கையிலிருந்து காகிதம் செய்வதில் பெயர்பெற்ற கரூர் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சுண்ணாம்புச் சேற்றைக் கொண்டு சிமெண்டு தயாரிக்கும் ஆலையைத் தன் வளாகத்திலேயே நிறுவியிருக்கிறது.

சுண்ணாம்பையும் கல்கரியையும் மின்வில் உலையில் ஏறத்தாழ 2000 டிகிரி வெப்பத்தில் வினைபுரியச் செய்தால் கால்சியம் கார்பைடு கிடைக்கும். 1892இல் தாமஸ் வில்சன் என்பவர் வட கரோலினாவில் வேறெதையோ செய்ய முனைந்தபோது தற்செயலாக இதைப் பெற்றார். நீர் பட்டதும் இது அசிட்டிலீன் வாயுவை வெளியிடுவதால் பற்றவைப்புத் தொழிலுக்கும், ஒருகாலத்தில் சுரங்க விளக்குகளுக்கும் உதவிற்று. மாங்காயைப் பழுக்கவைக்க வியாபாரிகள் இரகசியமாகப் பயன்படுத்தும் ‘கார்பைடு கல்’ இதுவே. நச்சுக் கலப்புகளை உடைய இதன் வாயுவைக் கொண்டு பழுக்கவைத்த பழங்களை விற்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

நீற்றிய சுண்ணாம்பு ஒரு லிட்டர் நீரில் 1.7 கிராம் அளவே கரையும். இக்குறை தோல் பதனிடுவோருக்கு நிறைவாக அமைந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துத் தொழிற்கூடங்களில் தோலை மயிர்நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைக்கும்போது, எவ்வளவு மிகுதியாக இட்டாலும் கரைசலின் பி.எச். அளவு 12.4ஐ ஒட்டியே நின்றுவிடுவதால், மயிர்க்கால் தளர்ந்தாலும் தோலின் நார் கெடுவதில்லை. வன்காரமான காஸ்டிக் சோடாவோடு அத்தகைய விளையாட்டு இயலாது. தங்கச் சுரங்கங்களில், பொடித்த தாதுவைச் சயனைடு கரைசலில் ஊறவைக்கையில் அக்கரைசல் அமிலமானால் கொடிய ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும் என்பதால், அதனைக் காரத்தன்மையில் நிறுத்திவைக்கும் பொறுப்பும் மலிவான சுண்ணாம்புக்கே தரப்படுகிறது. நீரைப் பொறுத்தவரை விந்தையான ஒரு பயன் உண்டு. கால்சியம் பைகார்பனேட்டால் கடினமான நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால், சேர்த்த கால்சியத்தோடு முன்பிருந்த கால்சியமும் கரையாத கல்லாகப் படிந்து நீர் மென்மையாகிறது. கால்சியத்தைக் கொண்டே கால்சியத்தை நீக்கும் இம்முறைக்கு ஸ்காட்லாந்தின் தாமஸ் கிளார்க் 1841இல் காப்புரிமை பெற்றார். அனல்மின் நிலையப் புகையின் கந்தக டை ஆக்சைடைச் சுண்ணாம்பு உறிஞ்சி ஜிப்சமாக மாற்றுவதும், நீர் தேங்கிய களிமண்ணில் சாலை அமைப்போர் சுட்ட சுண்ணாம்பைத் தூவி மண்ணை உலர்த்தி இறுகச் செய்வதும் அதே நாட்டத்தின் வேறு வடிவங்கள். கட்டுமானத்தில் இப்போது பரவலாகிவரும் எடை குறைந்த காற்றூட்டக் கற்களிலோ சுண்ணாம்பு விலகிப் போவதில்லை. சுண்ணாம்பும் மணலும் சாம்பலும் கலந்த குழம்பில் அலுமினியத் தூளை இட்டால் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பிக் குழம்பு உப்புகிறது. அதனை வெட்டி அழுத்த நீராவியில் வேகவைக்கையில், சுண்ணாம்பு சிலிக்காவோடு கூடிக் கல்லின் உடலாகவே ஆகிவிடுகிறது.

இத்தனை பயன்களுக்கும் சூளையில் வெளியேறிய வாயு ஒரு கடனாக நிற்கிறது. ஒரு டன் சுட்ட சுண்ணாம்புக்குக் கல்லிலிருந்து மட்டும் ஏறத்தாழ 785 கிலோ கரியமில வாயு பிரிகிறது. எரிபொருளின் புகை தனிக்கணக்கு. சூரிய மின்சாரத்தால் சூளையை இயக்கினாலும் முதல் கணக்கு குறையாது என்பதே சுண்ணாம்புத் தொழிலை மற்றத் தொழில்கள் பலவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. காரைப்பூச்சிலும் பீட் ஆலையிலும் மென்னீராக்கும் தொட்டியிலும் சுண்ணாம்பு மீண்டும் கார்பனேட்டாவதால் கடனில் ஒரு பகுதி அடைபடுகிறது. எஃகுக் கசடில் சிலிக்காவோடு பிணைந்த சுண்ணாம்பும் வெட்டவெளியில் கிடக்கையில் மிக மெதுவாக வாயுவை உறிஞ்சவே செய்கிறது. ஆயினும் தொழிலின் வேகத்துக்கு அது ஈடாவதில்லை. பெல்ஜியத்தின் லிக்சே என்னும் சிற்றூரில் 2019இல் இயங்கத் தொடங்கிய லைலாக் என்னும் சோதனை உலையில், அரைத்த கல்லை உயரமான எஃகுக் குழாய்க்குள் விழச்செய்து, குழாயை வெளியிலிருந்து சூடாக்குகின்றனர். எரிபொருளின் புகை கல்லோடு கலவாததால், பிரியும் கரியமில வாயு ஏறத்தாழத் தூயதாகவே கிடைத்துவிடுகிறது. பிடிப்பது இவ்வாறு எளிதானாலும் பிடித்ததை வைக்குமிடம் தனிக் கேள்வியே. சுண்ணாம்புச் சூளைகள் கல்வெட்டாங்குழிகளை ஒட்டி நாடெங்கும் சிதறிக் கிடக்கும் சிறு ஆலைகள். வாயுவை நிலத்தடியில் செலுத்தத்தக்க பாறையடுக்குகள் பெரும்பாலும் அவற்றுக்கு அருகில் இல்லை, அங்கே கொண்டுசேர்க்கும் குழாய்வழிகளுக்கு ஆகும் செலவைச் சுண்ணாம்பின் இன்றைய விலை தாங்குவதும் இல்லை.